ரெண்டு கட்டைத் தூக்கம்

சுதாகருக்கு நான் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் தர வேண்டியிருந்தது.

எங்கள் தீவில் ஜங்லிகாட் பகுதியில் மிக்சி, ஃபேன் பழுது பார்க்கிறவன் அவன். என் ரெக்கார்டு பிளேயரின் மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, ரப்பர் சக்கரம் புதிதாய்ப் போட்டதற்கான கணக்கு அது. அபர்டீன் பஜார் பக்கம் ஒரு மரவீட்டைப் பிரித்தபோது நான் பலகை சுமந்தேன். வீட்டுக்காரர் அந்தப் பிளேயர் பெட்டியைக் காட்டி, எடுத்துக்கொண்டு போ என்றார். கூடவே ஒரே ஒரு இசைத்தட்டு. லேபிளில் 78 என்ற எண் மட்டும்தான் மிச்சம். யார் ஊதினார்கள், எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

மூன்று நிமிஷப் பாட்டு. ஒரு குழல் படியிறங்குவது போல மெதுவாக இறங்கி வரும். அடியில் பெரிய குழல் ஒன்று, தூரத்துக் கப்பல் மாதிரி முனகும். கச்சால் தீவில் ரப்பர் மரத்திலிருந்து பால் சிரட்டையில் சொட்டுமே, அந்த வேகம். கேட்கக் கேட்க வீடே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் நகர்வது போல இருக்கும்.

என் மனைவி அமிர்தவல்லிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி, தரை துடைக்கிற வேலை. காலை எட்டு மணிக்கு கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவாள். பகலில் தூக்கம் வராதவள், இரண்டு வருஷமாக அந்தப் பாட்டில்தான் தூங்கினாள். நான் முள்ளை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

பெட்டி ஒருநாள் நின்றுபோனது. சுதாகர் சரிசெய்து கொடுத்தான். முள்ளை வைத்தேன். குழல் துள்ளிக்கொண்டு ஓடியது.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, இது யாரு பாட்டு?"

"நம்ம பாட்டுதான்."

"நம்ம பாட்டு இப்படியா ஓடும்? நாய் தொரத்துற மாதிரி."

பத்து நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. பதினொன்றாம் நாள் டூட்டியில் வாளியைப் பிடித்தபடியே கண்ணசந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கே கடைக்குப் போனேன்.

"வாங்கண்ணே, காசு கொண்டாந்தீங்களா?"

"பாட்டைக் கெடுத்துட்டியே தம்பி."

"அரே, கெட்டுக் கெடந்ததைத்தான் நேராக்குனேன். பழைய சக்கரம் தேஞ்சு வழுக்குச்சு, அதான் இழுத்து இழுத்துப் பாடுச்சு. இப்ப சுத்து எண்ணிப் பாத்தேன், நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு." பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியத்தை இழுத்து ஒரு கட்டையை அமுக்கினான். "தட்டுல இருக்கறவங்க வாசிச்சது நாலு கட்டை சுருதி. உங்க வீட்டுல ரெண்டு கட்டையில அழுதுருக்கு. இது ஆடுற பாட்டுண்ணே, தூங்குற பாட்டு இல்ல."

"எங்களுக்கு அது தூங்குற பாட்டு."

"காசு குடுக்க மனசில்லன்னு நேரா சொல்லுங்க."

எனக்குக் காது சூடானது. அந்த வாரக் கூலியில் அறுநூறு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தேன். "மீதியும் வரும். நீ ஒரு தடவை வந்து என் வீட்டுக்காரியப் பாத்துட்டுப் போ."

மறுநாள் காலையில் வந்தான். சட்டைப்பையில் பழைய சக்கரம்; அவன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அமிர்தவல்லி கண் சிவந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் சரியான வேகத்திலேயே முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினான். அவன் கால் தாளம் போட்டது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றாள் அவள். "கல்யாண வீட்டுக்கு ஆகும்."

அவன் பெட்டியை நிறுத்தினான். திருப்புளியை எடுத்துப் பழைய சக்கரத்தையே மாட்டினான். முள் இறங்கியது. குழல் படி படியாக இறங்கி வந்தது. கப்பல் முனகியது. பாட்டு பாதி தாண்டவில்லை, அவள் தலை சாய்ந்துவிட்டது. சுதாகரின் காலும் நின்றது. கதவடியில் உட்கார்ந்து, முள்ளை மறுபடி வை என்று எனக்குச் சைகை காட்டினான். பாட்டை மூன்று முறை கேட்டான். வெளியே வெயில் ஏறுவது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அறுநூறு ரூபாயை என் கையில் வைத்தான்.

"செஞ்ச வேலையக் கழட்டியாச்சு. கழட்டுன வேலைக்குக் கூலி ஏது?"

"மோட்டாருக்கு எண்ணெய் விட்டியே?"

"அது நான் கேட்ட பாட்டுக்குச் சரியாப்போச்சு. மெதுவாப் பேசுங்க, தூங்குறாங்க."

கணக்குச் சீட்டை எடுத்தான். நாலாய் மடித்து, பெட்டியின் குட்டையான காலுக்கு அடியில் செருகினான். பெட்டி ஆடாமல் நின்றது.