இதுக்குக் குளிருமுங்களா?

1.
ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். குன்னூரில் ஒரு சோலார் கடையில் பெரியவர் ஒருவர் பேட்டரியைத் தடவிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குக் குளிருமுங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருக்குப் பாலன் என்று பெயர் வைத்தேன்.

2.
"தேயிலைக் காட்டின் மேல் பனி மெல்ல..." (வேண்டாம். பனியில் தொடங்கும் மலைக் கதைகள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

மறுபடியும். பாலனின் மனைவி தெய்வம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. எங்கேயாவது மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். கூரையில் சோலார் பலகை இருக்கிறது, சேர்த்து வைக்கத்தான் பேட்டரி இல்லை. தேயிலைக் கொழுந்து விலை விழுந்து கிடக்கிற காலம். ஒரே தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் அவ்வளவுதான்.

3.
கடைக்காரி ராஜப்ரியா இரண்டைக் காட்டினாள்.

"இது தண்ணி ஊத்துறதுங்கண்ணா. சார்ஜ் ஏறுறப்ப கேஸ் விடும், ஜன்னல் தொறந்தே இருக்கோணும்."

"ஜன்னலத் தொறந்தா அவளுக்கு இழுத்துக்குமுங்களே!"

"அப்ப லித்தியம் எடுத்துக்கங்க. உறைபனியில வெளிய கெடந்தா சார்ஜ் ஏறாது, ஊட்டுக்குள்ளயே வைங்க. ஆனா மேல எதையும் போட்டு மூடிறாதீங்க. சூடு ஏறுச்சுன்னா அதுவா நின்னுக்கும்."

(அந்தக் கடைசிப் பேச்சை எத்தனையோ முறை அடித்தேன், சேர்த்தேன். பாலன் அதைக் கேட்டாரா? ஒரு வரைவில் கேட்டார், கதை அங்கேயே முடிந்துபோனது. இன்னொன்றில் மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் காதில் உறைபனி மட்டும்தான் தங்கியது. பஸ்ஸை விட்டது நான்தான். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.)

4.
லித்தியம் பேட்டரியை வாங்கி வந்து கட்டிலோரம் இறக்கிவைத்தார். பெட்டி சில்லிட்டுக் கிடந்தது.

"இதுக்குக் குளிரே ஆகாதாம் தெய்வா."

தெய்வம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "எனக்கு மட்டும் ஆகுதாக்கும்? எம் பக்கத்துலயே படுக்க வைங்க. ஒரு கம்பளி ரெண்டு பேருக்கும் பத்தும்."

அவரேதான் போர்த்திவிட்டார். பச்சைக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி ஓரத்தை மடித்துச் செருகினார். எனக்கு அந்த மனுசன் மேல் கோபம் வரவில்லை.

5.
உறைபனி விழுந்த காலை. ராத்திரி போன கரண்ட் இன்னும் வரவில்லை. பால் வாங்கப் போன பாலன் திரும்பி வருகிறார்.

முடிவு ஒன்று: அவர் வாசலில் கால் வைக்கும்போதே மெஷின் சத்தம் கேட்

இல்லை. கேட்கவில்லை.

முடிவு இரண்டு: ராஜப்ரியா போன் பண்ணுகிறாள். "அண்ணா, எதையும் போட்டு மூடலீங்கல்ல?"

அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? என்னால் எழுத முடியவில்லை.

கட்டில் வரைக்கும் உங்களைக் கூட்டி வந்துவிட்டேன். கம்பளிக்குள் கை விட எனக்குத் தைரியம் இல்லை. பெட்டி சூடாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவளை நீங்களே தொட்டுப் பாருங்கள்.