ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் அந்த அருங்காட்சியகத்தின் பூச்சி அறைக்குப் போயிருக்க வேண்டும். ஒரே மேசையில் எதிரெதிரே கணவனும் மனைவியும். இருவருக்கும் கும்பிடுபூச்சிதான் பிழைப்பு.

ஒரு சின்னத் தீவிலிருந்து வந்த பச்சைப் பூச்சியை அவள் புதிய இனமென்று எழுதினாள். தடித்த வயிறு, கட்டைச் சிறகு. கழுத்து நீளம் என்பதால் லத்தீனில் 'நெடுங்கழுத்தி' என்று பெயர் வைத்தாள். பிறகு கல்யாணம் ஆனது. அதே தீவின் பழுப்புப் பூச்சி ஒன்றை அவன் இன்னொரு இனமாக்கினான். ஒல்லி உடம்பு, நீளச் சிறகு. அதற்குப் பெண்டாட்டி பெயரையே வைத்தான். பூ வாங்கவும் மறக்கிறவன் தந்த ஒரே பரிசு அது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பெண், அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஆண். மெத்தப் படித்த இரண்டு தலைகளுக்கும் அது உறைக்கவே இல்லை.

அதுவரை வந்ததெல்லாம் செத்த பூச்சிகள்; இந்த முறை இரண்டு வகையும் உயிரோடு வந்தன. ஒரு காலை அவன் வந்து பார்த்தால் கூண்டின் நடுத்தடுப்பு சரிந்திருந்தது. பழுப்பன் பச்சைக்காரியின் முதுகில் ஏறியிருந்தான். கூடும்போதே ஆணின் தலையைத் தின்றுவிடும் சாதி அது; அவன் தலை இன்னும் உடம்பில்தான் இருந்தது.

இரண்டும் ஒரே இனமென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்; துறையின் சட்டம் அது. அவளுக்கென்று அவன் வைத்த பெயர் செத்துவிடும். பிரித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கையைக்கூட நீட்டினான். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டான்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆள் மாறி ஜோடி சேர்ந்திருக்கும்ங்க. குஞ்சு வளரட்டும், பாக்கலாம்."

ஒரே முட்டைக்கூட்டிலிருந்து வந்த குஞ்சுகள் தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்தன. பெண்ணெல்லாம் அவளுடைய பச்சை, ஆணெல்லாம் அவனுடைய பழுப்பு. முன்காலின் உள்பக்கம் இரண்டுக்கும் அதே கறுப்புப் பொட்டு, அதே முள்வரிசை. ஆணுக்கு மார்பின் நடுவே ஒற்றைக் காது. பெண்ணுக்கு அது பேருக்குத்தான். யார் சொல்லி யார் கேட்க வேண்டும் என்று அந்தத் தம்பதியின் வீட்டில் மட்டுமா வழக்கம்?

இரண்டும் ஒரே இனம்தான் என்ற கட்டுரையை அவள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

"நான் எழுதறேனே," என்றான்.

"வேணாம். என் பேரை நானே அடிச்சு நீக்கினாத்தான் எனக்கு மரியாதை."

"உனக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதான்." அவன் விளக்கை மறைத்துக்கொண்டு நின்றான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போயும் போயும் ஒரு ஆம்பளப் பூச்சிக்கு என் பேரை வெச்சீங்க. இத்தன வருஷத்துல நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? பேருதானே போகுது, ஆளு இங்கதானே இருக்கேன். நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."