கைக்கு மட்டும் அனுமதி

ஆவாரங்குளத்தில் தடுப்பூசி போட்டாயிற்றா இல்லையா என்பதைக் கதவுகள்தான் சரிபார்த்தன. ஊசி போட்டவர் வந்து நின்றால் கதவு திறந்தது. போடாதவர் வந்தால் திறக்கவில்லை. சான்றிதழ் எதுவும் காட்ட வேண்டியதில்லை. சட்டைக் கையைச் சற்று ஏற்றிவிட்டால் போதும்.

இது சரியா தவறா என்று ஊருக்குள் இரண்டு கருத்து இருந்தது. கதவே இல்லாத இடம் சுடலைமுத்துவின் டீக்கடை ஒன்றுதான் என்பதால் இரண்டு கட்சிக்காரர்களும் அங்கேதான் கூடினார்கள். "நம்ம நல்லதுக்குத்தானவே கேக்குது" என்றது ஒரு கட்சி. "என் உடம்பைப் பத்தி ஒரு கதவு ஏன் கேக்கணும்?" என்றது மற்றது. டீ மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே பாய்லரிலிருந்து வந்தது.

ஊசி போடாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. போடாத காரணத்தைக் கதவிடம் சொல்லலாம். காரணத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறதோ, கதவு அவ்வளவு திறக்கும். போனில் வந்த செய்தியைச் சொன்னவர்களுக்கு அது அசையவே இல்லை. சர்க்கரை இருக்கிறது என்ற ஓய்வுபெற்ற வாத்தியாருக்குத் தாழ்ப்பாள் மட்டும் ஒருமுறை ஆடியது. ஊசியைக் கண்டாலே பயம் என்று ஒப்புக்கொண்ட லாரி டிரைவருக்குக் கடைக் கதவு இரண்டு விரல் அளவு திறந்தது. அவர் அதன் வழியாகச் சிகரெட் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் உலகம்மாள் எந்தக் கதவிடமும் காரணம் சொன்னதில்லை. ஜன்னல்கள் ஒன்றும் கேட்பதில்லை என்பதால், கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகவே தன் வீட்டுக்குப் போய்வந்தாள். ஒன்பது மாதத்தில் அது பழகியும் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை அவள் மகள் மாரிச்செல்விக்குப் பிரசவ வலி எடுத்தது. மருமகன் ஓசூரிலிருந்து வர வேண்டும். உலகம்மாள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிரசவ வார்டின் கதவு மகளை உள்ளே விட்டுவிட்டுத் தாயின் முன்னால் சாத்திக்கொண்டது. ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்திருந்தார்கள்.

"அம்மா, நீ வரலியா?" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

உலகம்மாள் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"இவளை நான் பெத்தது இதே வார்டுலதான். இருபத்துநாலு வருசமாச்சு. வலி தாங்காம கத்தினேன். ஒரு நர்சம்மா வாயை மூடுன்னு தொடையில அடிச்சா. கையில ஊசி போட்டா. என்ன ஊசின்னு கேட்டேன். சொன்னா உனக்கு விளங்குமான்னு கேட்டா. அன்னையிலேருந்து யாருகிட்டயும் கையை நீட்டக் கூடாதுன்னு இருக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது.

உலகம்மாள் இடது கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். உள்ளே யாரோ அந்தக் கையைப் பிடித்தார்கள்.

"இது யார் கை?" நர்ஸ் ஜெபக்கனியின் குரல்.

"மாரிச்செல்வி அம்மா கை."

"இன்னும் ஊசி போடலியாக்கா?"

"இல்லம்மா."

மாரிச்செல்விக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜெபக்கனி கையை விடாமலே சொன்னாள்: அது என்ன ஊசி, எதற்குப் போடுகிறார்கள், போட்டால் கை எத்தனை நாள் வலிக்கும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. உலகம்மாள் மூன்று சந்தேகம் கேட்டாள். இரண்டுக்கு உடனே பதில் வந்தது. மூன்றாவதை மட்டும் ஜெபக்கனி கையை விட்டுவிட்டு டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து சொன்னாள்.

"போடட்டுமாக்கா? இல்ல, இன்னும் யோசிக்கணுமா?"

"கேட்டுட்டுல்லா போடுதீங்க. போடுங்க."

போட்டாயிற்று. மீதி உடம்புக்குப் பலன் போய்ச்சேரப் பதினான்கு நாள் ஆகும் என்பதால் கதவு அதற்குமேல் திறக்கவில்லை. கைக்கு மட்டும் அனுமதி கிடைத்திருந்தது. ஜெபக்கனி கட்டிலைக் கதவோரமாக இழுத்துப் போட்டாள்.

கை மகளின் நெற்றியைத் துடைத்தது, முதுகை நீவிவிட்டது, வலி வந்தபோது பிடித்துக்கொள்ளத் தன்னைக் கொடுத்தது. உலகம்மாளின் மற்ற பாகம் வராந்தாவில் காதைக் கதவில் வைத்து நின்றது. மதியத்துக்கு மேல் மாரிச்செல்வி பெரிதாக அலறினாள்.

"கத்துமா, நல்லா கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றாள் ஜெபக்கனி.

உலகம்மாள் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் இடது உள்ளங்கையில் ஈரமாக, சூடாக, ஒரு சின்னப் பாதம் வந்து பட்டது. பெண் பிள்ளை.

மகள் வார்டில் இருந்த மூன்று நாளும் கை உள்ளேயே இருந்தது. டீக்கடையின் இரண்டு கட்சிக்காரர்களும் முறைவைத்து உலகம்மாளுக்கு இட்லி கொண்டுவந்தார்கள். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள், நின்றுகொண்டே தூங்கினாள். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்குப் பல வருடங்களாக வந்ததில்லை.

நான்காம் நாள் மாரிச்செல்வி பிள்ளையோடு வெளியே வந்தாள். வெயில் கடுமையாக இருந்ததால் பேருந்து நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்திருந்தது. கூரை, சிமெண்டுப் பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் என எல்லாமே அதோடு வந்திருந்தன.

"பிள்ளைக்காரி உக்காரட்டும்" என்று அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"பஸ் எப்ப வரும்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"பழைய இடத்துல நம்மளத் தேடிட்டு நிக்கும். வந்துரும்" என்றார் ஒருவர்.

சரி என்று உலகம்மாள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.