நிழல் மட்டும் வந்த கட்டடம்

திருப்பூர் மங்கலம் ரோட்டில் நஞ்சப்பனின் பனியன் கம்பெனிக்கு எதிரே உள்ள காலி மனையில், மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் நிழல் விழுந்தது. கட்டடம் வரவில்லை. நிழலைக் குறை சொல்ல வழியில்லை. ஜன்னல்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் வெயில் சதுரமாக விழுந்தது, சதுரங்களுக்குள் கம்பிகளின் கோடுகள் தெரிந்தன, மாடிக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்கு ஏறிப்போக ஓர் இரும்பு ஏணியும் இருந்தன. காலையில் மேற்கே நீண்டு ரோட்டைத் தொடும், உச்சிவேளையில் சுருங்கி மனையின் நடுவில் கிடக்கும், மாலையில் கிழக்கே சாயும். முதல் நாள் ஷிப்டுக்குப் போனவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் யாரும் பார்க்கவில்லை. டீக்கடை ஜமால் தன் தள்ளுவண்டியை நிழலுக்குள் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டூல்களையும் போட்டுவிட்டார். நம் ஊரில் எதையும் வீணாக்கமாட்டார்கள்.

காரணம் பிறகு தெரிய வந்தது. அந்த வியாழனுக்கு முந்தின நாள் தலைநகரத்தில் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கூடியிருந்தது. சபை ஒப்புதல் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்பதற்கென்றே எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் சேர்த்து அமைக்கும் குழு அது. அன்றைக்கு நிதித்துறையின் முறை. மற்ற துறைகளை எல்லாம் குறுக்கும் நெடுக்கும் கேள்வி கேட்டே பழகிய துறைக்குப் பதில் சொல்லும் பழக்கம் கொஞ்சம் குறைவு. துணைச் செயலாளர் திருஞானம் கையில் இருந்த தாளைப் பார்த்து, "மங்கலம் சாலையில் பனியன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான காப்பகம் கட்டி முடிக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது" என்று வாசித்தார். அந்த வரியை அவர் எழுதவில்லை, மங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்ததை நல்ல குரலில் வாசித்தார், அவ்வளவுதான். விடிந்ததும் நிழல் வந்துவிட்டது. குழுவின் முன்னால் சொல்லும் சொல்லுக்கு அந்த அளவுக்காவது மரியாதை இருக்கிறது என்பது நம் ஊருக்கே ஆறுதலாகத்தான் இருந்தது.

நிழலால் மிகவும் நன்மை அடைந்தவள் சீனியம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நஞ்சப்பனின் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டையோ கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கும் வேலை. கணவன் எங்கே என்று கேட்டவர்களிடம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். மூன்று வயது மகள் வர்ஷினியை விட்டுவிட்டு வேலைக்குப் போக இடமில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடு, என் பிள்ளைகளோடு வளரட்டும் என்று அண்ணன் காசிமாயன் வாரா வாரம் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டாள். அவள் குடியிருந்த வரிசை வீட்டில் பக்கத்து அறைக்காரிக்கு ஒரு பையன் உண்டு, தென்காசியில் வளர்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போன தாயிடம் அவன், நீங்க எப்பக் கிளம்புவீங்க என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அதைக் கேட்ட நாளிலிருந்து சீனியம்மாள் அண்ணனின் போனை எடுக்கவே தயங்கினாள். நிழல் விழுந்ததும் அவளைப் போன்ற தாய்மார்கள் எல்லாம் பாயைக் கொண்டுவந்து விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். முறை வைத்து ஒருத்தி லீவு போட்டுப் பார்த்துக்கொள்வாள், நிழல் நகர நகரப் பாயையும் இழுத்துப் போடுவாள். மேகம் மூடிய நாளில் நிழல் வராது, அன்றைக்கு அந்தத் தாய்மார்கள் யாரும் வேலைக்குப் போக முடியாது. அதைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் போனது.

குழுவின் தலைவர் அன்புசெல்வி எதையும் நேரில் பார்க்காமல் நம்பாதவர். காப்பகத்தைப் பார்க்க ஏப்ரலில் குழு வரும், எதிர்ப்பக்கத்துக் கம்பெனியின் தொழிலாளர்களை விசாரிக்கும் என்று நஞ்சப்பனுக்குத் தகவல் வந்தது. அதில் ஆய்வு என்ற சொல் இருந்தது. திருப்பூரில் ஆய்வு என்றால் ஆடிட், ஆடிட் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பது. அது வந்து போகும் வரை ஊரே எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். நஞ்சப்பன் பழக்க தோஷத்தில் வேலையை ஆரம்பித்தார். காலி மனையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மனை ஓரத்து வேப்பமரத்தில் தீயணைப்பு சிலிண்டரைத் தொங்கவிட்டார்கள், முதலுதவிப் பெட்டியை ஆணியடித்து மாட்டினார்கள். ஆபத்துக் காலத்தில் நிழலை விட்டு ஓடும் வழிக்கு மண்ணில் மஞ்சள் கோடு போட்டு அம்புக்குறியும் வரைந்தார்கள். கம்பெனியின் ஹெச்.ஆர். பெண் நதியா எல்லோரையும் உட்கார வைத்து வழக்கமான பதில்களைச் சொல்லிக் கொடுத்தாள். எட்டு மணி நேரம்தான் வேலை, குடிதண்ணீர் இருக்கிறது, டாய்லெட் சுத்தம், குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. காரில் வந்து இறங்கிக் கேள்வி கேட்பவர்களுக்கு ஆமாம் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

குழு பதினோரு மணி வெயிலில் வந்து இறங்கியது. திருஞானமும் கூட வந்திருந்தார், கட்டடம் இல்லாததைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். ஆனால் யாரைக் கேட்டாலும் காப்பகம் இருக்குதுங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்க என்று சொல்லச் சொல்ல அவருக்கு உயிர் திரும்பியது. ஒவ்வொரு பதிலுக்கும் நிழலும் கொஞ்சம் கொஞ்சம் வளர்ந்தது. வாசலில் பூந்தொட்டிகளின் நிழல் வந்தது, கொடிக்கம்பத்தின் நிழல் வந்தது, ஊஞ்சல் ஒன்று ஆடியது. அன்புசெல்வி நிழலுக்குள் நின்றார். தலையில் வெயில் படவில்லை, சாய்ந்துகொள்ளச் சுவரும் இல்லை. இத்தனை பேர் சாட்சி சொல்லும்போது என்னத்தை எழுதுவது என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. கடைசியாக இடுப்பில் வர்ஷினியோடு நின்ற சீனியம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, நாங்க பையர் இல்ல. உங்க கம்பெனிக்கு ஆர்டர் தரவோ நிறுத்தவோ வரல" என்றார். "நீங்க இருக்குன்னு சொன்னா, இருக்குன்னு எழுதிடுவோம். இந்தப் பேச்சு அதோட முடிஞ்சிடும். அப்புறம் இதைப் பத்தி யாரும் எப்பவும் கேக்க மாட்டாங்க. சொல்லுங்க, இங்க கட்டடம் இருக்கா?"

சீனியம்மாள் நதியாவைப் பார்த்தாள். பாய்களில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தாள். இருக்கிறது என்றால் இந்த நிழலே கடைசி, ஜூனில் சாரல் அடிக்கும்போது இதற்குள் எந்தப் பிள்ளையையும் வைத்திருக்க முடியாது. இல்லை என்றால் இதுவும் போய்விடலாம். செக்கிங்கில் பனியனைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லைங்கம்மா" என்றாள். "இங்க ஒண்ணும் இல்ல. வெறும் நெழலுதான் கெடக்கு."

சொல்லி முடிப்பதற்குள் நிழல் மனையை விட்டு எழுந்தது. ஓரங்களைச் சேர்த்துக்கொண்டு போய்த் திருஞானத்தின் காலடியில் விழுந்து அவரைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அவர் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. அவர் காரில் ஏறினார், கார் மொத்தமும் இருட்டாகி டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இங்கே சித்திரை வெயில் பிள்ளைகளின் முகத்தில் நேராக அடித்தது, எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து அழுதன.

"ஏனுங்க அம்மிணி, ஆடிட்டுல போயி இப்படியா சொல்லுவாங்க?" என்று நஞ்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருந்த நெழலையும் தொரத்தி உட்டுட்டீங்களே!" பிள்ளைக்காரிகள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஜமால் மட்டும், "நல்லதுக்குத்தாம்மா சொன்னே" என்று ஒரு டீயை நீட்டினார். சீனியம்மாள் மறுவாரமே இரண்டு தெரு தள்ளி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். செக்கிங் தெரிந்தவளுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்குத்தான் இடமில்லை. மே மாதம் வர்ஷினியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டில் விட்டாள். திரும்பி வரும்போது பல்லடம் வரை அழுதாள், அதற்கு மேல் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தலைநகரத்தில் நிதித்துறைக்கு அந்தக் கோடை சுகமாகத்தான் தொடங்கியது. திருஞானம் வெளியே நடந்தால் நாலு பேர் அவர் நிழலில் ஒண்டிக்கொண்டு கூடவே நடந்தார்கள். மழைக்காலம் வந்ததும் கதை மாறியது. அவர் வீட்டில் துவைத்த துணி காயவில்லை. மொட்டை மாடியில் சூரிய மின்தகடு வேலை செய்யவில்லை என்று குடியிருப்புச் சங்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அலுவலகத்தில் அவர் இருந்த மாடி முழுக்க நட்டநடுப் பகலில் விளக்கு எரிந்தது, சுவரெல்லாம் பூஞ்சணம். சபாஷ் என்று சொல்ல வேண்டும், அன்புசெல்வி அதையும் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் குழு கேட்ட முதல் கேள்வியே, எல்லாத் துறையையும் சிக்கனமாக இருக்கச் சொல்லும் நிதித்துறையின் மின்செலவு மட்டும் ஏன் இப்படி ஏறியது என்பதுதான். திருஞானம் பதில் சொல்ல எழுந்தார். கூட்ட அறை இருண்டது, ஜன்னல் கம்பிகளின் கோடுகள் உறுப்பினர்களின் மேஜையில் விழுந்தன.

"மின்செலவு இருக்கட்டும்" என்றார் அன்புசெல்வி. "உங்க நிழல் எங்க மேஜைல விழுந்திருக்கு. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க."

அந்த மனிதருக்கும் போதும் போதும் என்றாகியிருந்தது. கையில் தாள் இல்லாமல் பேசினார். காப்பகத்துக்கு என்று வைத்த பணம் துறையின் வரவேற்புக் கூடத்துக்குப் பளிங்குக் கல் போடப் போய்விட்டது என்றார், கட்டடம் இல்லை என்றார், அன்றைக்கு வாசித்தது தவறு என்றார். குழு பதிவு செய்துகொண்டது. அதற்குப் பிறகு நடந்த வேகத்தைப் பார்த்தவர்கள் சொன்னால்தான் நம்ப முடியும். பளிங்குக் கல்லைப் பெயர்த்து ஏலம் விட்டார்கள். சபை தை மாதம் மறுபடி பணம் ஒதுக்கியது. திருஞானம் லீவு நாட்களில் எல்லாம் தானே வந்து நின்று கட்டட வேலையைப் பார்த்தார், கொத்தனார்கள் அவர் பக்கத்தில் நின்று வெயில் படாமல் வேலை செய்தார்கள். ஜன்னலின் அளவு, ஏணியின் இடம் எல்லாவற்றுக்கும் நிழலையே வரைபடமாக வைத்துக்கொண்டதால் கட்டடம் இம்மி பிசகாமல் எழுந்தது.

ஜூன் மாதம் திறப்பு விழாவுக்குக் குழு மறுபடி வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், நிழல் திருஞானத்தை விட்டு அசையவில்லை. குழு அந்த மனையில் எடுத்த பதிவில் கடைசியாக நிற்பது ஒண்ணும் இல்லை என்ற சாட்சி, அதைச் சொன்னவளே மாற்றிச் சொன்னால்தான் ஆகும் என்று அன்புசெல்வி கண்டுபிடித்தார். சீனியம்மாளைத் தேடினார்கள். காப்பகம் திறக்கிறது என்று கேள்விப்பட்டு, மகளைக் கூட்டி வர அவள் உசிலம்பட்டிக்குப் போயிருந்தாள்.

மகளோடு அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் வர்ஷினி வளர்ந்திருந்தாள், நன்றாகப் பேசினாள். காசிமாயனின் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே வாயில் வந்தது. "அத்தை, எறங்குற எடம் வந்துருச்சா?" என்று கேட்டாள். சீனியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காப்பகத்தின் வாசலில் கூட்டம் காத்திருந்தது. திருஞானம் கும்பிட்டார், சொல்லுங்கம்மா, ஒரு வார்த்தை என்றார். சீனியம்மாள் கட்டடத்தைச் சுற்றி வந்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள்.

"சுவரு இருக்கு. எம்புள்ளைக்கு எடம் இருக்கான்னு இன்னும் தெரியலைல்ல?" என்றாள். "அவ உள்ள ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கட்டும். பொறவு சொல்லுறேன்."

காப்பகத்து ஆயா வர்ஷினியைப் பாயில் படுக்க வைத்தார். வெளியே மதிய வெயில் கொளுத்தியது. குழுவின் உறுப்பினர்கள், அதிகாரிகள், நஞ்சப்பன், நதியா, அவளோடு பேச்சை விட்ட பிள்ளைக்காரிகள் எல்லோரும் போக்கிடம் இல்லாமல் திருஞானத்தின் நிழலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஜமால் டீ கொடுத்தார். ஒரு போன் அடித்தபோது அன்புசெல்வியே விரலை உதட்டில் வைத்து அதட்டினார். பிள்ளை நன்றாகத் தூங்கியது. மூன்று மணி சுமாருக்கு எழுந்து உட்கார்ந்து, புது இடத்தையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, "அம்மா!" என்று கூப்பிட்டது.

சீனியம்மாள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "இருக்குங்கம்மா, எழுதிக்கங்க" என்றாள். நிழல் திருஞானத்தை விட்டு இறங்கிக் கட்டடத்தின் அடியில் போய்ச் சேர்ந்தது. வெயில் உச்சந்தலையில் பட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

கட்டடத்துக்கு அதற்குள் சொந்த நிழல் ஒன்று வந்திருந்ததால் இப்போது இரண்டு. தலைநகரத்தில் இருந்த காலத்தில் பழைய நிழலுக்குத் திசைப் பழக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும், காலையில் புது நிழல் மேற்கே விழுந்தால் அது கிழக்கே விழுகிறது. அதனால் ஆட்டோக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். எந்தப் பக்கம் விளையாடுவது என்று பிள்ளைகளுக்குள் தினமும் சண்டை வரும், ஆயா வந்து விலக்கிவிடுவார். வர்ஷினி கிழக்குப் பக்கம்தான் நிற்பாள், அம்மாவின் புதுக் கம்பெனி அந்தப் பக்கம், ஷிப்டு முடிந்து அவள் வருவது அங்கிருந்தால் முதலிலேயே தெரியும்.