மீட்டரில் ஒரு மைனஸ்

காலை எட்டரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பயிற்சிக்கூடத்தில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் ஏணி ஒருத்திதான். வெயில் இருந்தால்தானே சோலார் தகட்டில் கரண்ட் வரும், கரண்ட் வந்தால்தானே செய்முறைத் தேர்வு நடக்கும்!

ஏணி என்பது கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர். ஆளும் உயரம், செய்த வேலையும் உயரம். பதினேழு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தவள். எட்டாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு, சன்னலுக்கு உள்ளே இருப்பவர்களிடம் சாவகாசமாகக் கதை பேசுவாள். போன வருஷம் ஒரு மருத்துவமனைச் சுவரில் வேலையாக இருந்தபோது, மொட்டைமாடியில் சோலார் தகடு பொருத்த வந்த கூட்டத்துக்கு ஆள் பற்றவில்லை. இவள் பிரஷை வைத்துவிட்டுப் போய் நாலு தகடு தூக்கிக் கொடுத்தாள். சாயங்காலம் அந்தத் தகடுகளின் கரண்டில் ஒரு மின்விசிறி சுற்றியது. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நானும் இந்த வேலைக்கு வரலாமா?" என்று அந்தக் கூட்டத்தின் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"தூக்கிக் கொடுக்க யாரும் வரலாம்க்கா. கையால மாட்டணும்னா சான்றிதழ் வேணும். மூணு வாரப் பயிற்சி, அப்புறம் பரீட்சை" என்றார் அவர்.

அவள் பேர் கொடுத்த மறுநாளே கொழுந்தனும் பேர் கொடுத்துவிட்டான். புருஷனின் தம்பி; பதினைந்து வருஷமாக எலக்ட்ரீஷியன். இவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். ஒயரைத் தொட்டான் என்றால் கையா இயந்திரமா என்று சந்தேகம் வரும், அவ்வளவு சுறுசுறுப்பு. வாயும் அப்படித்தான்.

"அண்ணி, இது சுவத்துக்கு டிஸ்டம்பர் இல்ல. கரண்டு. தப்பா அடிச்சா மேல இன்னொரு கோட் அடிக்க முடியாது" என்று முதல் நாளே ஆரம்பித்தான்.

"அதனாலதானே படிக்க வந்திருக்கேன்? நீ எதுக்கு வந்தே, எல்லாம் தெரிஞ்ச ஆளு?" என்றாள் அவள்.

எல்லாம் தெரிந்த அந்த ஆளுக்கு உயரம் மட்டும் ஆகாது. வகுப்பில் யாருக்கும் தெரியாமல் இதை மூன்று வாரம் மறைத்துவிட்டான். கூரைப் பயிற்சி வரும்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒருநாள் முழங்கால் வலி. ஒருநாள் இன்வெர்ட்டரில் சந்தேகம். கேட்டால், "மூளைக்குக் கீழதான் வேலை, முதுகுக்குத்தான் மேல" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவான். ஏணிக்கு மட்டும் தெரியும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எப்போது கோளாறு வந்தாலும் மேலே ஏறுகிறவள் அவள். கீழே நின்று மர ஏணியைப் பிடித்துக்கொள்கிறவன் அவன்.

தேர்வு நடத்த வந்த அம்மாள் குள்ளமாக இருந்தார். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. அடுத்தடுத்த தேர்வு எண்ணாக இருந்ததால் அண்ணியும் கொழுந்தனும் ஒரே ஜோடி. ஒருவர் கூரையில், ஒருவர் கீழே. மதிப்பெண் தனித்தனி. யாருக்கு எது என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும்.

கொழுந்தன் சீட்டைப் பிரித்தான். 'மேலே' என்று எழுதியிருந்தது. அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"மாத்திக்கலாமா மேடம்?"

"மாத்த முடியாது. தொண்ணூறு நிமிஷம். ஆரம்பிங்க."

முற்றத்தின் நடுவே இரும்புத் தூண்களின் மேல் சரிவாகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம். ஏணிக்கு அது நாற்காலி மாதிரி. அவனுக்கோ மலை. இடுப்புப் பட்டையின் கயிற்றை மாட்டிக்கொண்டு நாலாவது படியில் ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டான். கால் தந்தியடித்தது. அந்த நடுக்கம் இரும்பு ஏணியின் கால்கள் வழியாக அவள் கைக்கு வந்தது.

பாதுகாப்பு விஷயம் மட்டும் பேசலாம் என்று விதி. அவள் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, கீழே பார்க்காதே. படியை மட்டும் எண்ணு."

"எண்ணிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. இன்னும் எத்தனை இருக்குன்னு தெரிஞ்சதுதான் பயமே."

முற்றத்து ஓரக் கொட்டகையில் காத்திருந்த மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குச் சுருக்கென்றது போலும். பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் படிகளைக் கடந்து, கூரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டான். அங்கே வைத்திருந்த ஆறு தகடுகளையும் இறுக்கி வரிசையாக இணைத்தான். கீழே இறங்கும் இரண்டு ஒயர்களின் மேல்நுனியிலும், தகடுகளோடு இணைக்கும் முனைகளைப் பொருத்தி மாட்டினான். ஒன்று ஆண் முனை, ஒன்று பெண் முனை. சிவப்பு ஒயருக்கு இது, கறுப்புக்கு அது என்று கணக்கு உண்டு. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்வது போலச் செய்துவிட்டு, பதினைந்து நிமிஷம் மிச்சம் வைத்து இறங்கினான். தரையில் கால் பட்டதும், ஜெயித்துவிட்டவன் போல அண்ணியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

இப்போது அவளுடைய முறை. கூரையிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் பெட்டிக்குள் முறுக்கி, அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு உயிர் கொடுக்க வேண்டும். அவன் கூரையில் இருந்தபோதே பெட்டியையும் குழாயையும் சுவரில் பொருத்தி, மண்ணில் இறங்கும் எர்த் கம்பியைக் கட்டி முடித்திருந்தாள். சுவிட்ச் அணைந்தே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு மீட்டரை எடுத்து, சிவப்புக் கம்பியைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் வைத்தாள்.

இருநூற்று அறுபத்தெட்டு வோல்ட் என்று காட்டியது. சரியான எண்தான். ஆனால் எண்ணுக்கு முன்னால் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.

மைனஸ்.

மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே கோடு.

"நான் மாட்ட மாட்டேன் மேடம்" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, மீட்டர் கம்பியை மாத்திப் பிடிச்சிருக்கீங்க! நல்லாப் பாருங்க!"

"பேசக்கூடாது" என்றார் தேர்வாளர் அம்மாள். பிறகு இவளிடம் திரும்பி, "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

மீட்டர் தப்பா, ஒயர் தப்பா? முதலில் அது தெரிய வேண்டும். மேஜைமேல் ஒரு சின்ன பேட்டரி கிடந்தது. கூட்டல் குறி போட்ட பக்கத்தில் சிவப்பை வைத்தாள். மைனஸ் இல்லை. மீட்டரில் குறையில்லை, தன் கையிலும் குறையில்லை. அப்படியானால் தப்பு கூரையில் இருக்கிறது. கூரையில் கை வைத்தவன் ஒருவன்தான்.

அந்த ஒரு நொடி அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. வாயைத் திறந்தால் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் போய்விடும். ஒயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாமல் இன்வெர்ட்டர் ஓடிவிடும். ஆனால் பிற்பாடு எவனோ ஒருவன் வந்து, சிவப்பைச் சிவப்பு என்று நம்பித்தானே கை வைப்பான்?

"மேல முனை மாறியிருக்கு மேடம். சிவப்புல போட வேண்டியது கறுப்புல இருக்கு. அதைச் சரி பண்ணாம நான் எதையும் இணைக்க மாட்டேன்."

அம்மாள் தானே மீட்டரை வைத்துப் பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதினார். "செஞ்சவர்தான் திருத்தணும். ஒன்பது நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தார்.

"நானா? முனை மாத்திப் போட்டேனா? பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு ஒயரு நான் மாத்திப் போட்டதில்ல!" அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. முனை பொருத்தும் கருவியைப் பிடுங்காத குறையாக எடுத்தான். புது முனைகள் இரண்டைப் பையில் திணித்தான். கயிற்றை மாட்டினான். அடுத்த கணம் ஏணியில் தடதடவென்று சத்தம். அவள் பிடிப்பதற்குள் பாதிக்குமேல் போய்விட்டான்! கோபத்தில் அவனுக்குப் பயம் மறந்தே போயிற்று.

"இரு, இரு! நான் பூட்டினப்புறம் ஒயரைத் தொடு!" என்று கத்திக்கொண்டே அவள் சுவிட்சில் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "ம், இப்ப தொடு!"

மேலே அவன் முனைகளைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் குரல் மட்டும் வந்தது, சுருதி இறங்கி: "அண்ணி… மாறித்தான் இருக்கு."

"சரி, வெட்டிட்டுப் புதுசு போடு. அழுவறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு!"

"ஆறு நிமிஷம்" என்றார் அம்மாள்.

அவன் கைக்குப் பழைய சுறுசுறுப்பு திரும்பிவிட்டது. நறுக், நறுக் என்று இரண்டு வெட்டு. தோலை உரிக்கும் சத்தம். கருவி கடிக்கும் சத்தம். சிவப்பில் ஒரு 'டிக்'. கறுப்பில் ஒரு 'டிக்'. இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

"பாருங்க அண்ணி!"

இவள் மீட்டரை வைத்தாள். இருநூற்று அறுபத்தாறு. முன்னால் கோடு இல்லை. "வந்திடுச்சுடா!" என்று கூவியே விட்டாள். ஒயர்களைப் பெட்டியில் முறுக்கினாள். பூட்டை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது தன்னைத் தானே சோதித்து முடிக்க ஒரு நிமிஷம் எடுக்கும். இருந்ததும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்தான். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். யாரென்றுகூட அவள் பார்க்கவில்லை. சிவப்பு அணைந்தது. ஒன்றுமில்லை. பிறகு பச்சை ஒருமுறை மினுக்கியது, இன்னொருமுறை மினுக்கியது, அப்புறம் நிலையாக நின்றுவிட்டது.

முற்றமே ஆர்ப்பரித்தது. அம்மாள் கடிகாரத்தை அமுக்கினார். பதினோரு விநாடி மிச்சம்.

அப்போதுதான் கொழுந்தனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. கோபமும் போய்விட்டது, வேலையும் முடிந்துவிட்டது. கூரை விளிம்பைக் கட்டிக்கொண்டு பரிதாபமாகக் கேட்டான்: "அண்ணி, எப்படி இறங்கறது?"

தேர்வாளர் அம்மாளே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். படிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லி, ஏணி அவனை இறக்கிக்கொண்டு வந்தாள். தரைக்கு வந்ததும் அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை.

"என்மேல கோபமா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன் நீங்க முதல்லயே இந்த வேலைக்கு வரலன்னு கோபம்."

மூன்று மணிக்கு முடிவைச் சுவரில் ஒட்டினார்கள். தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். அவளுக்குத் தொண்ணூற்று மூன்று. அவனுக்கு எழுபத்தொன்று. ரொட்டிக்கடையில் அடுப்பு வேலையில் இருந்த புருஷனுக்கு அவள் போன் போட்டாள். "ரெண்டு பேரும் பாஸ்!" என்றாள். அந்தப் பக்கம் தட்டு விழுந்த சத்தமும், "பாஸாம்! ரெண்டு பேருமாம்!" என்று அவர் கடை முழுக்கச் சொல்கிற சத்தமும் கேட்டன.

"அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கொழுந்தன் காதை நீட்டினான்.

"உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. இரு, அழுவறாரு போல."

பன்னிரண்டு நாளில் சான்றிதழ் அட்டை வந்தது. அட்டையில் இருந்த போட்டோவில் அவள் கண்ணை முழித்துக்கொண்டு, திருடனைப் பிடித்தவள் மாதிரி இருந்தாள். அதையும் தெருவில் ஒருவர் விடாமல் காட்டினாள். அடுத்த திங்கட்கிழமையே மேஸ்திரி இருவரையும் கூப்பிட்டுவிட்டார். மூன்று மாடிப் பள்ளிக்கூடம். இருபத்துநாலு தகடு. பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

ஏணி கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டப் போனாள். கொழுந்தன் கையை நீட்டினான்.

"இன்னைக்கு நான் மேல."

"நிஜமாவா?"

"கேள்வி கேக்காதீங்க. கேட்டா மனசு மாறிடும்."

அவள் பட்டையை அவன் இடுப்பில் மாட்டி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவனுக்குக் கால் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு படியாக ஏறிப் போனான். விளிம்பைத் தாண்டி அவன் தலை மறைந்தது. அவள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணீ!" என்று மேலிருந்து ஒரு கூச்சல். "இங்கேருந்து நம்ம வீடு தெரியுது!"