ஏழின் வளைவு

மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே போன பிறகு, டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்த நாணயத்தை எடுத்து ஆய்வுக்கூடத் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடினாள். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட எண் ஆடிப்போகும் தராசு அது. ஐந்து புள்ளி ஆறு ஒன்று கிராம். எடுத்துத் திரும்ப வைத்தாள். அதே எண். கைப்பேசியில் விற்பனைக்காரர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினாள். அங்கேயும் ஒரு குட்டித் தராசு, அதன் மேல் அதே வகை நாணயம். ஐந்து புள்ளி ஒன்பது எட்டு.

"மாட்டினியா" என்றாள், ஆளில்லாத அறையில்.

பெயிண்ட் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு 'ரிஜெக்ட் மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவள் காதில் விழுந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கோட்டு போட்ட ஒருவன் ரப்பர் முத்திரை குத்திய காகிதத்தைக் கொடுத்து ஏமாற்றியபோது, அந்த முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூடத் தெரியாமல் அப்பா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து போலி என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்குச் 'சில்லறை' என்று பேர். முப்பது வருஷம் தோளில் தொங்கிய பையில் வந்து விழுந்ததிலிருந்து, ஒரே மதிப்புள்ள நாணயத்தில் வருஷத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி ஆல்பம் சேர்த்திருந்தார். பொறுக்கிய ஒவ்வொன்றுக்கும் ஈடாகத் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றைப் பைக்குள் போட்டுவிடுவார். ஒரே ஒரு குழிதான் காலி, எழுபத்து நான்கு. அந்த வருஷம் நாணயச்சாலை இரண்டே மாதம் ஓடியதாம். பஸ்ஸில் ஏறிய லட்சம் பேரில் ஒருத்தர்கூட அதைக் கொண்டுவரவில்லை. ஓய்வு பெற்றபின் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சில்லறை கொடுப்பதில்லை, எல்லாம் கைப்பேசியில்தான் என்று எப்போதாவது சொல்வார். பார்க்கவே சகிக்கவில்லை. அந்தக் குழியை நிரப்பிவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

இணையத்தில் தேடியதில் கிடைத்தது, படத்தில் இருந்த அந்த எழுபத்து நான்கு. விற்கிற பெண்மணிக்குக் கடிகார ரிப்பேர் கடை. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, எடை என்று கேட்ட படமெல்லாம் முகம் சுளிக்காமல் அனுப்பினார். அதுவே இவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒத்துப் பார்க்கப் பக்கத்துக் குழியிலிருந்த எழுபத்து மூன்றை மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் உருவிக்கொண்டு வந்தாள். எடை இடிக்கிறது. அதோடு, அப்பாவுடைய நாணயத்தில் ஏழின் கால் குச்சி போல நேராக இறங்குகிறது. கடிகாரக்காரம்மாவுடையதில் லேசாக வளைகிறது. வேறு ஏதோ வருஷத்தைச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்கள். வேறென்ன?

விற்பனைப் பக்கத்தின் கீழே, எல்லார் கண்ணிலும் படும்படி எழுதினாள்: 'இது போலி. வருஷத்தில் ஏழு திருத்தப்பட்டிருக்கிறது. எடையும் தவறு. ஏமாறாதீர்கள்.' சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். விலை கேட்டிருந்த இருவர் பின்வாங்கினார்கள். அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது குரல் செய்தி வந்தது. நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"ஏம்மா, நல்லா எழுதியிருக்க. முப்பத்தஞ்சு வருஷமா கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், என்னை இதுவரைக்கும் எவனும் திருடின்னு சொன்னதில்ல. சரி, போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னோடது போலின்னு உன்னோடத வச்சு சொல்ற. உன்னோடது நிஜம்னு உனக்கு யாரு சொன்னா?"

பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நாணயத்தை விற்பனையிலிருந்து எடுத்திருந்தார்கள். இவள் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது.

எங்கப்பாவையா கேக்கற என்று முதலில் கோபம்தான் வந்தது. சீட்டில் உட்கார்ந்த பிறகு வேறொன்று குடைந்தது. ஒரு லாட் பெயிண்டுக்கு ஐந்து டிரம்மிலாவது எடுத்துச் சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஒரே டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதிய ஒருவனை, போன மாதம்தான் எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தாள். நேற்று அவள் எடுத்தது எத்தனை சாம்பிள்? ஒன்று. அதுவும் திருட்டுத்தனமாக. அன்று முழுக்க எந்த டிரம்மையும் அவள் ரிஜெக்ட் செய்யவில்லை. சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் ஆல்பம் விரிந்து கிடந்தது. அப்பா தலையணைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எழுபத்தி மூணக் காணோம்."

"என்கிட்டதான்பா இருக்கு. கோவப்படாத." ஒன்றுவிடாமல் சொன்னாள். அவருக்காகத்தான் என்பதை மட்டும் முணுமுணுத்தாள்.

அப்பா கோபப்படவில்லை. ஆல்பத்தை மூக்குக் கண்ணாடிக்கு நெருக்கிப் பிடித்தார். அவளும் குனிந்தாள். எழுபத்தொன்று. ஏழின் கால் வளைந்திருந்தது. எழுபத்திரண்டும் அப்படியே. எழுபத்தைந்து, எழுபத்தாறு, வரிசையாக எல்லாமே அதே வளைவு. அவள் உள்ளங்கையில் இருந்தது ஒன்றுதான் விறைத்துக்கொண்டு நின்றது.

அப்பா எழுபத்திரண்டை எடுத்துத் தரையில் போட்டார். கணீர் என்றது, உருண்டு போய்க் கதவில் முட்டியது. எழுபத்தைந்தைப் போட்டார். அதே கணீர். பிறகு அவள் கையிலிருந்ததை வாங்கிப் போட்டார். டொக். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

அப்பா குனிந்து அதை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்கிட்ட எவனும் செல்லாக் காசு தள்ள முடியாதுன்னு டிப்போ பூரா மார்தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். "எவனோ ஒருத்தன் தள்ளிட்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்திருக்கான் பாரு. அதை நான் வேற கண்ணாடித் தாள் போட்டு வச்சுக் கும்பிட்டிருக்கேன்!" வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை.

"அப்பன் பஸ் கூட்டத்துல கோட்ட விட்டாரு, மக படிச்சுட்டுக் கோட்ட விட்டா" என்றாள் அம்மா, துணி மடித்தபடி. "நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும்."

"எழுதினத அழிச்சுடு பாப்பா, முடிஞ்சுது."

"அழிச்சா? பதினாலு பேரு பாத்துட்டாங்கப்பா. திருடின்னு சொன்னத எல்லாரும் பாத்தாங்க இல்ல, தப்புன்னு சொல்றதையும் பாக்கட்டும்."

மன்னிப்பு கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இதுவரை கேட்டதெல்லாம் கேட்கக் கூடாத இடத்தில், வேறு வழியில்லாமல். நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தாள். கடைசியில் ஆய்வு ரிப்போர்ட் மாதிரியே எழுதினாள்: 'நேற்று இந்த நாணயத்தைப் போலி என்று எழுதியது நான். ஒரே ஒரு நாணயத்தோடு ஒப்பிட்டேன். அந்த ஒன்றுதான் போலி. ஏழின் வளைவு சரியானது. தவறு முழுக்க என்னுடையது. இவரை நான் திருடி ஆக்கியிருக்கக் கூடாது.' இதற்கு இரண்டே பேர்தான் கட்டைவிரல் தூக்கினார்கள்.

சனிக்கிழமை காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்போது குழி இரண்டு. எழுபத்து மூன்று அப்படியொன்றும் அரிதில்லை, எங்காவது கிடக்கும், ஆனால் சில்லறை புழங்குகிற இடம் வேண்டும் என்றார். யோசித்து அவர் கண்டுபிடித்த இடம் பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை. அங்கேதான் யாரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள், அவசரம்.

கூடவே போன அவள் எதிர்ப்பக்கத் தூணோரம் நின்றாள். கைப்பேசி அதிர்ந்தது. கடிகாரக்காரம்மா.

"படிச்சேன். எனக்கு இன்னும் கோவம் போகல, அதையும் சொல்லிடறேன். உனக்கு விக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணல. ஆனா கிட்டக்க வச்சு அந்த ஏழு தெரியறாப்புல படம் எடுத்து அனுப்பறேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா பாரு. உங்கப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்க."

அவள் தலை நிமிர்ந்தாள். அங்கே காசு வாங்குகிற அம்மா தன் ஸ்டூலில் பாதியை அப்பாவுக்கு விட்டிருந்தாள். தகர டப்பாவை மேஜையில் கவிழ்த்து, அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யோவ், சீக்கிரம் பாருய்யா, ஆளுங்க நிக்கறாங்க!"

"இரும்மா, இது எழுபத்தெட்டு."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியே, தன் கையிலிருந்த நாணயத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.