பட்டியலில் குடியிருப்பவர்கள்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்த வார்டில் வரலாறு திரும்புகிறது. திருப்ப விரும்புவோர் அடையாள அட்டையுடன் வரிசையில் நிற்கவும். காரணம் சொல்லாமல் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்வதற்குத் தடை வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. முதலில் இந்த ஒரு வார்டில் மட்டும் கேட்கப்படுகிறது. மற்ற வார்டுகள் பொறாமைப்படாமல் பொறுத்திருக்கவும்.

இப்படி மைக்கில் முழங்கியவர் குடித்தனக்காரர் விழிப்புணர்வுப் பேரவையின் தலைவர். சொந்த வீட்டில் இருப்பவர். பஸ் டிப்போவுக்குப் பின்னால், இருபது குடித்தனங்கள் உள்ள நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று பேசினார். கேட்டவர்கள் பதினொரு பேர். அவர்களில் நாலு பேர் தண்ணீருக்காக வாளியோடு நின்றவர்கள். வாக்குச்சீட்டு ஏழையின் வாள் என்றார் தலைவர். வாளாக இருந்தால் பழைய இரும்புக்காவது போடலாம் என்று மூன்றாம் மாடி பெயின்டர் முணுமுணுத்தார்.

கடைசிவரை நின்று கேட்டது இரண்டாம் மாடி தையல் அக்கா ஒருத்திதான். அவளுக்கு வேறு வழியில்லை. மாதக் கடைசியில் காலி செய்யும்படி ஓனர் சொல்லியிருந்தார். அவருடைய மச்சினன் மகன் குடிவரப் போகிறானாம். இந்தப் பிள்ளை இதுவரை ஏழு குடித்தனங்களைக் கிளப்பியவன். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. அக்காவுக்கு இது நாலாவது வீடு. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம், வாடிக்கைக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இவள் ஜிப் வைத்தால் நிற்கும் என்று ஒரு தெரு நம்புவதற்கு எட்டு மாதம் ஆகிறது. பதினோராவது மாதம் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

தலைவர் ஒரு பேட்ஜைக் கொடுத்து அவளைக் கட்டடப் பொறுப்பாளர் ஆக்கினார். பேட்ஜில் ஊக்கு சரியில்லை. பொறுப்பாளரே வேறு ஊக்கு போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் மற்ற பத்தொன்பது கதவுகளையும் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமைதான் தலை போகிற வேலை என்றார் ஓட்டல் சமையல்காரர். யாருக்குப் போட்டோம் என்று ஓனருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தாள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஆயாம்மா. பெயின்டர் மட்டும் விஷயத்துக்கு வந்தார்.

"தடை வந்தா கூரை ஒழுகறது நிக்குமாக்கா?"

"நிக்காது. ஒழுகற வீட்டுலயே தொடர்ந்து இருக்கலாம்."

"அப்ப சொர்க்கம்தான்னு சொல்லுங்க."

வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பேன்ட் ஓரம் அடித்துத் தருவதாகச் சொன்னாள். கொள்கையைவிட அது நன்றாக வேலை செய்தது. பதினாறு குடித்தனங்கள் தலையாட்டின.

ஓட்டுக்கு நாலு நாள் முன்னால் பள்ளிக்கூடச் சுவரில் வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். இவர்கள் கதவு எண்ணில் முப்பத்தொரு பெயர்கள். அக்கா விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இப்போது கட்டடத்தில் இருக்கிற ஒருவர் பெயரும் இல்லை. முதல் ஆறு பெயர்கள் ஓனரும் குடும்பமும். ஏழாவது அந்த மச்சினன் மகன்; ஆள் வராவிட்டாலும் பெயர் குடிவந்துவிட்டது. மற்ற இருபத்துநாலு பேரும் முன்பு இருந்து காலி செய்துகொண்டு போனவர்கள்.

வார்டு ஆபீஸ் குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். முகவரி மாற்ற மனு, ஓனர் கடிதம், விசாரணை, அச்சு, எல்லாமாக ஒரு வருஷம். கடிதத்தை ஓனர் மறுக்காமல் கொடுப்பார். பெயர் வந்து சேரும்போது ஆள் இருக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அக்கா தன் பதினொரு மாத ஒப்பந்தத்தை நீட்டினாள்.

"பட்டியல்ல தப்பு இல்லம்மா," என்றார் குமாஸ்தா. "நீங்கதான் சீக்கிரம் சீக்கிரம் மாறிடறீங்க."

அவளுக்கு ஓட்டே இல்லை என்றில்லை. பழைய வார்டில் அது பத்திரமாக இருந்தது. அங்கே அன்றைக்குக் கேட்கப் போகிற கேள்வி, பூங்கா நீரூற்றுக்கு வண்ண விளக்கு வேண்டுமா என்பது. "நாமதான் காலி பண்றோம், நம்ம ஓட்டு பண்ண மாட்டேங்குது" என்றார் பெயின்டர். பேரவைத் தலைவர் இதை அடுத்த கருத்தரங்கில் விவாதிப்பதாகச் சொன்னார்.

அக்கா தபால்காரரைப் பிடித்தாள். காலி செய்தவர்களுக்கு வரும் கடிதங்களை எங்கே திருப்புகிறார் என்று கேட்டு, மூன்று சாயங்காலம் அலைந்து ஒன்பது பேரைக் கண்டுபிடித்தாள். ஒன்பதாவது ஆள், அவள் அறையிலேயே அவளுக்கு முன் இருந்தவள். ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"மச்சினன் மகன் வந்துட்டானா?"

"இன்னும் இல்லக்கா. இப்ப எனக்காக வரப்போறானாம்."

சலவைக்காரி சிரிக்கவில்லை. "ஜன்னல் கொக்கி நான் வாங்கி மாட்டினது."

"இருக்கு. நல்லாப் பிடிக்குது."

"நான் ஒரு நாள் லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, என்னைத் துரத்தின வீட்டுல நீ இருக்கணும்னு வந்து ஓட்டுப் போடணும். அதானே?"

"ஆமாக்கா."

"எனக்கு யாரு வந்து போட்டாங்க?"

தையல் அக்கா போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மடித்தார்கள். பன்னிரண்டாவது போர்வையை அடுக்கி வைத்துவிட்டு, ஓனர் மூஞ்சியைப் பார்ப்பதற்காகவாவது வருகிறேன் என்றாள் சலவைக்காரி.

ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்தார்கள். சலவைக்காரி வந்தாள். ஓனர் குடும்பத்தில் ஏழு பேரும் காரில் வந்தார்கள். மச்சினன் மகன் நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். முன்னால் நின்ற கிழவருக்குக் குடை பிடித்தான். வரிசை நீளமாகத்தான் இருந்தது. அதில் நின்றவர்கள் வீடு மாறாதவர்கள், அதாவது வீடு உள்ளவர்கள். குடித்தனக்காரர்கள் எதிர் நடைபாதையில் நின்று அவர்கள் ஓட்டுப் போடுவதைப் பார்த்தார்கள். சமையல்காரர் பேன்ட்டோடு வந்திருந்தார். ஓட்டு இல்லாததற்கு நானா பொறுப்பு, நான் வந்தேனா இல்லையா என்று கேட்டார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

தடை வேண்டாம் என்று ஆயிரத்து நூறு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. பேரவைத் தலைவர் இதைத் தார்மிக வெற்றி என்று அறிவித்து, இரண்டு நிறத்தில் நோட்டீஸ் அடித்தார். குடித்தனக்காரர்கள் உறங்கவில்லை, விழித்துவிட்டார்கள், இனி அவர்களை அசைக்க எந்தச் சக்தியாலும் முடியாது என்று அதில் இருந்தது.

முப்பதாம் தேதி தையல் அக்கா வீட்டைக் காலி செய்தாள்.